ரெண்டரை இஞ்ச் அண்ணன்

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கும் அண்ணனை அடையாளம் காண வேண்டுமா? சட்டைப் பையைப் பாருங்கள். பேனா இருக்க வேண்டிய இடத்தில் இஞ்ச் டேப் இருக்கும். கல்யாண மண்டப வாசலில் ஒரு ஜீப் கண்ணில் பட்டுவிட்டால் மொய் எழுதுவதெல்லாம் அப்புறம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, தரைக்கும் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் இடையே டேப்பை நீட்டுவார். ஜீப்புக்குச் சொந்தக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரராகவே இருந்தாலும் தப்பாக நினைக்க மாட்டார். அவர் பையிலும் ஒரு டேப் இருக்கும்.

ஜிப்ஸி 1985-இல் வந்த வண்டி. 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதை மாருதி நிறுத்தியது. நிறுத்தியதிலிருந்துதான் அண்ணனுக்கு அதன்மேல் பாசம் பொங்கியது. கம்பெனிக்காரன் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்து அனுப்பியிருந்தான். அதை வைத்துக்கொண்டே ராணுவம் எல்லை வரை போய் வந்தது. அண்ணன் போவது ஆனைமலையில் இருக்கும் தென்னந்தோப்புக்கு. அவருக்குப் போதவில்லை.

"எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்று ஆரம்பிப்பார். மூன்று வழி உண்டு. ஸ்பிரிங் தொங்கும் ஷேக்கிளை நீட்டலாம். இரண்டு இஞ்ச் நீட்டினால் வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும். ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை செருகலாம். ஏறும், ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பை எண்ணிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் அண்ணனுக்குக் கனவில் வருவது. ஜிப்ஸியில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. அதைத் தூக்கி ஆக்ஸிலுக்கு மேலே கட்டிவிட்டால் ஒரே மூச்சில் ஐந்து இஞ்ச். கூடவே ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறிக் கிராஸ் தேயும், பிரேக் ஹோஸ் எட்டாது, ஸ்டேரிங் ராடு சாய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

இதெல்லாம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்கானிக்கைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை இஞ்ச் தூக்கினாலும் அந்த உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும், பாறையில் முதலில் இடிபடுவதும் அதுதான் என்பதும் தெரியும். உருண்டை உயர ஒரே வழி பெரிய டயர். லிஃப்ட் என்பது அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க இடம் விடுவதற்கு. ஆகவே முதலில் டயர், பிறகு உயரம். இந்த நியாயத்தை அண்ணன் எல்லோருக்கும் விளக்குவார். ஆனால் டயர் கடையில் போய் "ஹைட் முடிவாகட்டும், அப்புறம் டயர் பேசலாம்" என்பார். ஒர்க்ஷாப்பில் போய் "டயர் முடிவாகட்டும், அப்புறம் ஹைட் பேசலாம்" என்பார். இரண்டு கடைக்கும் நடுவில் இருக்கும் பேக்கரிக்காரர் மட்டும் இதில் முன்னுக்கு வந்திருக்கிறார்.

ஒருநாள் மெக்கானிக் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்ணா, எந்த மலைக்குங்க போறீங்க?"

"அது பாத்துக்கலாம் தம்பி. ரெண்டா, மூணா? அதச் சொல்லு."

"ரெண்டு போதுமுங்ணா."

"அப்ப ரெண்டரை போட்டுரு."

டயர் விஷயத்துக்கு வருவோம். ஜிப்ஸி கிங்கில் வந்தது 205/70 ஆர்15. உயரம் 668 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733 ஆகும். வித்தியாசம் 65, அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர், உருண்டைக்குக் கிடைக்கும். யோக்கியமான கணக்கு. ஆனால் சூலூர்க்காரர் ஒருவர் 31 இஞ்ச் டயர் மாட்டியிருப்பதை அண்ணன் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து 235 அவர் கண்ணுக்குச் சைக்கிள் டயர்.

31 மாட்டியாயிற்று. இப்போது மீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-இல் போகும். ஓடிய தூரத்தையும் மீட்டர் குறைத்தே காட்டுவதால், "மைலேஜ் ரொம்ப அடி வாங்கிருச்சு" என்று மனைவியிடம் புலம்புவார். பாதி அடி மீட்டர் கொடுத்தது. ஸ்டெப்னியும் 31 ஆனதால் அதன் பாரத்தில் பின்கதவுக் கீல் தொங்கிவிட்டது. கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். சேற்றுக்கான எம்.டி. பட்டன் வேறு. அவிநாசி ரோட்டில் அது போடும் ரீங்காரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது கேட்காது. மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் சாதா டயர் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

வீல் டிஸ்க் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்பு டிஸ்க் நெளிந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் எடைக்குப் போட வேண்டியதுதான். ஆகவே மலைக்கு இரும்பு. அண்ணன் மாட்டியது அலாய், அதுவும் வெளியே பிதுங்கி நிற்கிற ரகம். வீல் பேரிங் மாதம் ஒருமுறை நலம் விசாரிக்கச் சொல்லும்.

மலைக்குப் போகவில்லையா என்றால், போனார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் நல்ல தார் ரோடு. பெரிய டயரை இழுக்க 1.3 லிட்டர் இன்ஜின் திணறியதில் பாதித் தூரம் இரண்டாவது கியர். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் ஒதுங்கி அதற்கு வழி விட்டார். வழிவிட்ட இடத்தில் கொஞ்சம் மண் இருந்தது. அண்ணன் இறங்கி டயரோடு படம் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மாவுக்கு ஏற முக்காலி போட வேண்டும். முதல்நாள் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தவர், "ஏஞ்சாமி, இது வண்டியா, பரணா?" என்று கேட்டார். அன்று முதல் கோயிலுக்கு ஆட்டோதான்.

இந்தக் கதையில் ஒரு திருநாள் உண்டு. பதினைந்து வருஷம் ஆன சொந்த வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை உள்ளேயும் போகலாம். ஸ்பிரிங், டிஸ்க், டயர் என்று விரல்விட்டு எண்ணிய அண்ணன், மொட்டை மாடியில் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்த பழைய டயரையும் ஸ்பிரிங் கட்டையும் இறக்கி மாட்டுவார். அன்று ஒருநாள் வண்டி பிறந்த உயரத்தில் நிற்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "பழைய வண்டிய இவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்கீங்களே சார்" என்று பாராட்டுவார். திரும்பி வரும்போது வண்டி பஞ்சாகப் போகும், பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்கும், அம்மா முக்காலி இல்லாமல் ஏறுவார். மறுநாள் காலை அண்ணன் ஒர்க்ஷாப் வாசலில் நிற்பார். மூணு போட்டுப் பார்த்தால் என்ன என்று அவருக்கு ராத்திரி தோன்றியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஜிப்ஸியும் ஒரு டேப்பும் இருந்தால் ஒரு வார்த்தை. போகப்போகிற பாதையை முதலில் நடந்து பாருங்கள். இரண்டு இஞ்ச் லிஃப்ட்டும், எல்லாத் தரைக்குமான 235/75 ஏ.டி. டயரும் தேவைப்படுகிற பாதைகள் சில இருக்கின்றன. மற்றதற்கெல்லாம், மண் ஆரம்பிக்கும் இடத்தில், இருக்கிற டயரிலேயே காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இறக்கக் காசு கிடையாது. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள்.