திமிங்கிலத்துக்கு ஒதுக்கீடு உண்டு

2007 ஜூலை 1ஆம் திகதி நோர்வே அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பெட்டிக்கடையிலும் பேரங்காடி வாசலிலும் நின்று கண்ணடித்துக்கொண்டிருந்த சூதாட்ட இயந்திரங்களை ஒரேயடியாகத் தடைசெய்தது. அதற்கு முந்திய வருடமே அவை நோட்டு விழுங்கக் கூடாதென்று வாயைக் கட்டியிருந்தது. தடைக்கு எதிரான வழக்கு எஃப்டா நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கே அந்த இயந்திரங்களால் வருமானம் வந்துகொண்டிருந்தது. அதையும் பாராமல் தூக்கினார்கள். இனி இயந்திரத்தில் ஆடுவதென்றால் அரசாங்கத்தின் நொர்ஸ்க் திப்பிங்கிடம் பெயரைப் பதிந்து, இழப்புக்கு வரம்பு வைத்துத்தான் ஆடவேண்டும்.

கை தட்டுங்கள். தட்டி முடிந்ததும் அதே கையால் கைத்தொலைபேசியை எடுங்கள்.

அதில் ஒரு துப்பறியும் பெண் இருப்பாள். இறகு செருகிய தொப்பி, கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, முகத்தில் பெருங்கவலை. மாளிகையில் கொலை நடந்துவிட்டது. கொலைகாரனைப் பிடிக்கவேண்டுமானால் நீங்கள் நூலக அறைக்குள் போய் ஒரு குடை, மூன்று திறப்பு, ஒரு வயலின், ஒரு தவளை எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுக்கவேண்டும். கொலைக்கும் தவளைக்கும் என்ன தொடர்பென்று கேட்கக் கூடாது. பல வருடமாக நானும் கேட்காமலே விளையாடி வருகிறேன். ஒளித்துவைத்த பொருளைத் தேடுவது எனக்குப் பிடிக்கும். சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் ஆறு வித்தியாசம் தேடி, ஐந்தோடு நின்று, ஆறாவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன தலைமுறை நாங்கள். பிடிக்காத பொருள் கெட்டுப்போனால் யாருக்குக் கோபம் வரும்?

அந்தத் தொப்பிக்காரியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் துப்பறிந்து பாருங்கள். இந்த வகை விளையாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையை 2005இல் தொடங்கியது சியாட்டிலின் பிக் ஃபிஷ் கேம்ஸ். 2014இல் அந்த நிறுவனத்தை வாங்க முன்வந்தது சேர்ச்சில் டவுன்ஸ். கென்டக்கி குதிரைப் பந்தயம் நடத்துகிறார்களே, அவர்கள்தான். 2018இல் அது 99 கோடி டொலருக்குக் கைமாறியது. இம்முறை வாங்கியவர் அரிஸ்ரோகிராற், அவுஸ்திரேலிய மதுக்கூடங்களில் வரிசையாக நிற்கும் சூதாட்ட இயந்திரங்களைச் செய்து விற்கிறவர். 1920களின் உடையில் சகோதரியின் மரணத்தைத் துப்பறியும் ‘ஜூன்ஸ் ஜேர்னி’ இருக்கிறதல்லவா, எங்கள் மாமிமாரின் செல்லப்பிள்ளை? அது 2017இல் பெர்லினின் வூகா செய்தது. அடுத்த வருடமே வூகாவை ப்ளேடிகா வாங்கியது. ப்ளேடிகா பேர் எடுத்தது ‘ஸ்லொட்டோமேனியா’ என்கிற, திரையில் ஓடும் சூதாட்ட இயந்திரத்தால்.

முன்வாசலால் விரட்டிய இயந்திரத்தின் மாமன் மச்சான் எல்லாரும் பின்வாசலால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து சோபாவில் குந்தியிருக்கிறார்கள். காவலாளி இன்னும் முன்வாசலில்தான் நிற்கிறான்.

காவலாளியையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அவன் கையில் சட்டம் இருக்கிறது. நோர்வேச் சட்டப்படி ஒன்று சூதாக இருப்பதற்கு மூன்று வேண்டும். ஆடுகிறவர் காசு வைக்கவேண்டும், முடிவைத் தற்செயல் தீர்மானிக்கவேண்டும், பணப் பெறுமதியுள்ள பரிசு கிடைக்கும் வாய்ப்பு இருக்கவேண்டும். எங்கள் தொப்பிக்காரி முதலாவதில் கெட்டிக்காரி. இரண்டாவதை விளையாட்டுக்கு விளையாட்டு வேண்டிய அளவு கலந்துகொள்கிறாள். மூன்றாவதில்தான் தப்பித்துவிடுகிறாள். அவள் ஒன்றுமே தருவதில்லை! பழைய இயந்திரம் நூறு குரோணரை விழுங்கினால் எப்போதாவது பத்தைத் துப்பியது. அந்தத் துப்பல்தான் அது செய்த குற்றம். இவள் விழுங்கினால் விழுங்கியதுதான், ஒரு சதம் வெளியே வராது. ஆகையால் இவள் குற்றமற்றவள். பறித்ததில் கொஞ்சமாவது திருப்பித் தருகிறவன்தான் கள்ளன், முழுதையும் வைத்துக்கொள்கிறவன் வியாபாரி. இதைவிட ஒழுங்கான சட்டத்தை எந்தக் கொலைகாரனின் நூலகத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம் இந்தக் கயிற்றை ஒருமுறை அறுத்தது. பிக் ஃபிஷின் சூதாட்டச் செயலியில் விற்கப்பட்ட வெறும் திரைக் காசுகளும் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி பெறுமதியுள்ள பொருள்தான், ஆகவே அது சட்டவிரோதச் சூது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் சொன்னார்கள். 2020இல் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் சேர்ந்து 15.5 கோடி டொலர் கட்டி வழக்கை முடித்தார்கள். முழித்துப் பார்த்தவர்கள் அவர்கள். நாங்கள் ஒஸ்லோவில் பனி வழித்துக்கொண்டிருந்தோம்.

சரி, விளையாட்டுக்குள் போவோம். முன்பு கணினியில் இவற்றை வாங்குவது நேரான வியாபாரம். ஒரு மணித்தியாலம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம், பிடித்தால் ஒருதரம் காசு கட்டி முடிவுவரை ஆடலாம். தடுமாறினால் குறிப்புக் கேட்கலாம், அது ஒரு நிமிடத்தில் தானாக நிரம்பும். மூன்று இரவில் கொலைகாரன் பிடிபடுவான். அநேகமாகத் தோட்டக்காரனோ மருத்துவரோ. கதை மட்டம்தான், ஆனால் முடிந்தது.

இப்போது கொலைகாரன் பிடிபட்டால் வியாபாரம் படுத்துவிடும். அதனால் அவன் ஒவ்வொரு வாரமும் புதிய தீவுக்கு ஓடுகிறான். அவனைத் தொடர எனக்குச் ‘சக்தி’ வேண்டும். சக்தி தீர்ந்தால் அரை நாள் காத்திருக்கவேண்டும், அல்லது வைரம் கட்டவேண்டும். வைரத்துக்குப் பக்கத்தில் பொற்காசு, பொற்காசுக்குப் பக்கத்தில் பூ. அடுத்த அத்தியாயம் திறக்க நான் ஒரு புல்வெளியில் கதிரை மேசை வாங்கிப்போட்டு அலங்கரிக்கவேண்டுமாம். பிணம் உள்ளே கிடக்கிறது, துப்பறிகிறவள் தோட்டத்தில் நீரூற்று வைத்துக்கொண்டிருக்கிறாள். நட்சத்திரம் போதவில்லையென்றால் அதே நூலகத்துக்குத் திரும்பவும் போ, திரும்பவும் தேடு. குடை எங்கே இருக்கிறது என்று எனக்கு நித்திரையிலும் தெரியும். தெரிந்த இடத்தில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதற்குப் பெயர் தேடலா? அது கூலி வேலை. சம்பளத்தை நான் கட்டிச் செய்கிற கூலி வேலை.

படத்தில் உண்மையில் ஒளித்திருப்பது விலை. குரோணர் வைரமாகி, வைரம் சக்தியாகி, சக்தி ஐந்து நிமிடமாகிக் கரையும்போது, அந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன கட்டினேன் என்று கணக்குப் பார்க்க எந்த மனிசருக்கும் முடியாது. முடியக்கூடாது என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தேவை 60 வைரமென்றால் அவர்கள் விற்பது 50 அல்லது 120. மிச்சம் கிடப்பது அடுத்த தூண்டிலுக்கு இரை.

மிட்டாய் அடுக்கும் பக்கத்திலும் இதே கூத்து. ஸ்ரொக்ஹோமின் கிங் நிறுவனம் 2012இல் விட்ட ‘கேண்டி கிரஷ் சாகா’ ஐந்து உயிர் தருகிறது. போன உயிர் திரும்பிவர அரை மணித்தியாலம். ஒரே ஒரு மிட்டாய் மிச்சமிருக்கத் தோற்கிறீர்கள், உடனே ‘இன்னும் ஐந்து நகர்வு வேண்டுமா?’ என்று உபசாரம். கோபம் சூடாக இருக்கும்போதே கல்லாப்பெட்டியை மூக்குக்குக் கீழே நீட்டுகிற மரியாதை! விளம்பரங்களோ அதற்கும் மேல். ஊசியை இழுத்து எரிமலைக் குழம்பைத் தடுக்கும் புதிரைக் காட்டி ஆளைக் கூப்பிட்டு, உள்ளே வேறெதையோ ஆடவைத்ததற்காக ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ விளம்பரங்களை 2020இல் பிரித்தானிய விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடைசெய்தது. வாசலிலேயே பொய் சொல்கிறவன் வீட்டுக்குள் என்ன செய்யமாட்டான்?

ஒஸ்லோவில் புதிர் செய்யத் தெரியாமல் இல்லை. 1993இல் இங்கே தொடங்கிய ஃபன்கொம், ராக்னர் தோர்ன்குவிஸ்ட் தலைமையில் 1999இல் ‘தி லோங்கெஸ்ட் ஜேர்னி’யைத் தந்தது. அதில் தண்டவாளத்தில் விழுந்துகிடக்கும் ஒரு திறப்பை எடுக்க, ஒரு கிடுக்கி, உடுப்புக் காயப்போடும் கயிறு, காற்றடிக்கும் ரப்பர் தாரா மூன்றையும் பிணைத்துத் தூண்டில் செய்யவேண்டும். உலகம் முழுக்க விளையாட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்ட புதிர் அது. நானும் திட்டினேன். இன்று அந்தத் தாராவை எடுத்துக் கொஞ்சவேண்டும் போலிருக்கிறது. எவ்வளவு முட்டாள்தனமானாலும் அது என் மூளையைத்தான் கேட்டது. தாராவுக்குக் காற்றடிக்க 39 குரோணர் என்று ஒருபோதும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பாராளுமன்றம் கவனிக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கவனித்தது, மிகக் கூர்மையாக, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். 2016 ஓகஸ்ட்டில் பாதுகாப்பு விவகாரக் குழுவின் அமர்வில் அன்றைய லிபரல் கட்சித் தலைவி திரீன சீ கிராண்ட போக்கிமொன் பிடித்துக்கொண்டிருந்தது கமராவில் விழுந்தது. மூளையைப் பாவிக்காமல் எதையாவது செய்தால் தனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவர் விளக்கமளித்தார். அதே வருடம் ஒக்டோபரில் அன்றைய பிரதமர் ஆர்ன சூல்பார்க் சபையிலே போக்கிமொன் பிடித்தார். அந்நேரம் பேசிக்கொண்டிருந்தவர் அதே கிராண்ட! தேசப் பாதுகாப்பே அந்தப் பாடு. ஐந்து உயிருக்கு விலை போட்டவனை யார் தேடுவது?

நோர்வே நுகர்வோர் பேரவையைப் பற்றி மட்டும் எனக்குக் குறை சொல்ல மனமில்லை. 2016இல் அவர்கள் சராசரிக் கைத்தொலைபேசியில் இருக்கக்கூடிய 33 செயலிகளின் நிபந்தனைகளை நேரலையில் உட்கார்ந்து வாசித்தார்கள். ஒரு நாளைக்கு மேல் போயிற்று வாசிப்பு. நாங்கள் ‘சம்மதம்’ என்று ஒரு நொடியில் தட்டிவிடுகிற புராணம் அது. 2022இல் கொள்ளைப் பெட்டிகள் பற்றி, அதாவது உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கட்டித் திறக்கிற பெட்டிகள் பற்றி, காரமான அறிக்கை வெளியிட்டார்கள், 18 நாடுகளின் 20 நுகர்வோர் அமைப்புகள் கூடவே நின்றன. அதில் எடுத்துக்காட்டப்பட்ட இரண்டு விளையாட்டுகளில் ஒன்று ‘ரெய்ட்: ஷடோ லெஜென்ட்ஸ்’. அப்போது அதைச் செய்த நிறுவனத்தின் முதலாளி? மேலே பார்த்த அரிஸ்ரோகிராற். எந்தக் கல்லைப் புரட்டினாலும் அதே தேள்.

அறிக்கை வந்தது, பத்திரிகைகள் எழுதின, அமைச்சர்கள் கவலைப்பட்டார்கள். பிறகு அரசாங்கம் 2024 முதல் 2026 வரைக்கான கணினி விளையாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தலைப்பு, ‘விளையாட்டுக்கு நேரம்’. நேரத்தைத்தானே ஐயா அவர்கள் அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக விற்கிறார்கள்? 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் அதிகாரிகளும் வாய் திறந்தார்கள். வைரத்தின் பக்கத்திலே உண்மைக் காசில் விலையைப் போடவேண்டும் என்றார்கள். சந்தையில் மரக்கறி விற்கிற மனுசி படிக்காமலே கடைப்பிடிக்கிற நியாயத்தைச் சொல்ல இத்தனை வருடம்.

ஒருநாளில் ஆடுகிறவர்களில் காசு கட்டுவது நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்று ப்ளேடிகா பங்குதாரர்களுக்குக் காட்டும் கணக்கே சொல்கிறது. மிச்சப்பேர் கூட்டம் காட்ட. கட்டுகிறவர்களிலும் அள்ளிக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: திமிங்கிலம். நோர்வேயில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகம் தடுத்த திமிங்கில வேட்டையை 1993இல் திரும்பத் தொடங்கிய நாடு இது. ஆனால் அந்த வேட்டைக்குக்கூட ஒழுங்கு இருக்கிறது. பருவம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, ஒதுக்கீடு இருக்கிறது. 2024இல் 1,157 மிங்கித் திமிங்கிலம், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. கடலில் நீந்துகிற திமிங்கிலத்துக்கு இருக்கிற பாதுகாப்பு ஒஸ்லோவின் குரூருட்டாலனில் அடுக்குமாடியில் இருக்கிற மாமிக்கு இல்லை. அவரை வருடம் முழுக்க வேட்டையாடலாம். கர்த்தருக்கும் கந்தனுக்கும் ஒதுக்கிய நாளிலும் விசேட சலுகை என்று மணி அடிக்கலாம்.

வெஸ்ட்லி போகும் ஐந்தாம் இலக்க ரயிலில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவருக்கு இந்த வரலாறு முழுவதையும், குதிரைப் பந்தயக்காரரில் தொடங்கித் திமிங்கிலம் வரை, ஒரு பிரசங்கமாகவே செய்தேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி பிள்ளை. உன்னட்ட உயிர் மிச்சம் கிடந்தால் ஒண்டு அனுப்பிவிடு.”

அனுப்பப் பார்த்தேன், முடியவில்லை. அந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் இலவசமாக உயிர் கொடுப்பதற்கு நாளொன்றுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். காசு கட்டி வாங்குவதற்குத்தான் வரம்பு கிடையாது.