அந்த ‘வா’வை வெட்டாதலே

வா பேராண்டி, இப்படி உக்காரு. உன் இங்கிலீசுக் கட்டுரையைக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவைப் பத்தி ரெண்டு பக்கம். பலே! ஆனா அந்தம்மாவுக்கு நாலு பேரு வச்சிருக்கியே! பெத்த அப்பன்கூட ஒரு பேருதான் குடுத்தாரு, அதையும் பாதியில திருப்பிக் கேட்டாரு.

சிரிக்காத. எட்டாங்கிளாசோட நின்னவனுக்கு ரஷ்யாக்காரன் பேரு எப்படித் தெரியும்னுதானே பாக்குற? மாஸ்கோவுல இருந்து முன்னேற்றப் பதிப்பகம், ராதுகான்னு கெட்டி அட்டை போட்ட தமிழ்ப் புத்தகம் மலிவா வந்த காலத்து ஆளுலே நான். அதுல ஒரே ஆளு மூணு பேருல வருவான். பத்திரத்துல எழுதுறாப்ல நடுவுல ஒரு ‘என்கிற’கூட இருக்காது. அம்பது பக்கம் போன பொறவுதான் மூணு பேரும் ஒருத்தன்னு பிடிபடும்.

மொத வரியிலயே ‘அன்னா’ன்னு மொட்டையா எழுதியிருக்க. அவுக என்ன, உன் சித்தி மகளா? புஷ்கினைப் பத்தி எழுதுனா ‘அலெக்சாந்தர் அருமையா எழுதினான்’னு எழுதுவியா? ஆம்பளைன்னா புஷ்கின், பிளோக். பொம்பளைன்னா மட்டும் செல்லப்பேரு! ஒருதரம் முழுப்பேரைப் போடு, அடுத்த வரியில இருந்து அக்மதோவான்னு எழுது.

நாலாவது வரியில ‘மிஸ் ஆந்திரேயெவ்னா’. அது அவுக அப்பா பேருலே, ஆந்திரேயோட மகள்னு அர்த்தம். நம்ம இனிஷியலை விரிச்சு நடுவுல வச்ச மாதிரி. நேர்ல நின்னு ‘அன்னா ஆந்திரேயெவ்னா’ன்னு சேத்துக் கூப்பிட்டா ரஷ்யாவுல அது மரியாதை. முன்னால மிஸ்ஸை ஒட்டுனா குடும்பப் பேரா மாறிடுமா?

அப்புறம் ‘அக்மதோவ்’. இங்கதான் எனக்கு வெத்தலை தொண்டையில சிக்கிருச்சு. ஆம்பளைக்கு அக்மதோவ், பொம்பளைக்கு அக்மதோவா. கடைசி ‘வா’வை வெட்டுனா, வாசல் வரைக்கும் வந்த அம்மாவைப் ‘போ’ன்னு சொன்ன மாதிரிலே!

உனக்கும் ஒரு வக்கீலு இருக்காரு, மறைக்க மாட்டேன். ரஷ்ய எழுத்தாளர் நபக்கோவ். டால்ஸ்டாய் நாவலை இங்கிலீசுல ‘அன்னா கரேனின்’னுதான் சொல்லணும், இங்கிலீசுல வர்ற பேருக்குப் பொம்பளை வாலு எதுக்குன்னு அடம்பிடிச்சவரு. ஆனா மேடைக்காரிகளுக்கு மட்டும் அவரே விலக்கு குடுத்துட்டாரு. எழுதுறவ வச்சுக்கிட்ட புனைபேரும் மேடைக்குத் தச்ச சட்டைதானே? இது என் வாதம். அவரு ஒத்துக்குவாரோ மாட்டாரோ, செத்தவருகிட்ட யாரு கேக்க?

ஆமாலே, புனைபேருதான்! 1889-ல ஒதெஸ்ஸா பக்கத்துல பிறந்தப்போ அவுக அன்னா கரேங்கோ. அப்பா கடற்படை இஞ்சினியரு. மக கவிதை எழுதுறான்னு தெரிஞ்சதும், என் பேரைக் கெடுக்காதேன்னாரு. உங்க பேரே எனக்கு வேண்டாம்னு அம்மா வழிக் கொள்ளுப்பாட்டியோட பேரை எடுத்துக்கிட்டா மக. 1907-ல அச்சுல வந்த மொதக் கவிதைக்குக் கீழ வெறும் ‘அன்னா’வும் ஒத்த எழுத்தும்தான். இனிஷியல் போட்டு ஒளிஞ்சிருக்கா பாரு, நம்ம ஊருக்காரி மாதிரி!

வேடிக்கை என்னன்னா, கரேங்கோங்கிற பேரு ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணுதான், வாலு வளராது. அப்பா மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு உனக்கு இந்தத் தொல்லையே இல்ல.

நாலாவதா ‘மிசஸ் குமில்யோவ்’. 1910-ல கவிஞர் குமில்யோவைக் கட்டிக்கிட்டது வாஸ்தவம். ஆனா 1912-ல வந்த மொதப் புத்தகத்துலயே அக்மதோவாதான். 1918-ல கல்யாணமும் முறிஞ்சது. 1921-ல அவரைச் சுட்டும் போட்டாங்க. மகன் லெவ் மட்டும் குமில்யோவ். அவனைப் பிடிச்சு அடைச்சப்போ, லெனின்கிராடு செயிலு வாசல்ல வரிசையில நின்ன தாயிக்கு வேற பேரு. அந்தப் பேருலதான் 1965-ல ஆக்ஸ்போர்டுல டாக்டர் பட்டம் வாங்குனாக. ஆக்ஸ்போர்டுக்காரனே மாத்தாததை நீ மாத்துறியா?

இன்னொண்ணு. ஒரு பக்கத்துல கே-ஹெச் போட்டிருக்க, அடுத்த பக்கத்துல சி-ஹெச், ‘வி’க்குப் பதிலா டபிள்யூ. எந்த ஜெர்மன் புத்தகத்துல சுட்ட? இங்கிலீசுக்குக் கே-ஹெச்தான், கடைசியில வி-ஏ. ‘அக்மதோவாவோட கவிதைகள்’னு எழுதணும்னா ஏ-வுக்குப் பின்னால ஒரு கொக்கியும் எஸ்ஸும். ஏ-வைத் தின்னுடாத. அன்னா அக்மதோவாங்கிற பேருல அஞ்சு ஏ இருக்கு, எண்ணிப் பாரு. அந்த அகரங்களைக் கவிஞர் பிராத்ஸ்கி ரசிச்சு ரசிச்சுச் சொல்லியிருக்காரு.

என்ன, முழிக்கிற? உச்சரிப்பா? அதை நீ கேக்கமாட்டியோன்னு நினைச்சேன். அழுத்தம் ‘மா’வுல விழணும், ‘தோ’வுல இல்ல. அந்த ‘தோ’வும் அவுக வாயில ‘த’ மாதிரி தேயும். ‘க்’கும் நம்ம ‘க்’ இல்ல, தொண்டையில இருந்து காறி வர்ற ஹகரம். அஹ்மாதவா. இவ்வளவு நேரம் அக்மதோவா, அக்மதோவான்னு நான் சொன்னது பூராத் தப்புதான். நீ ஒருதரமாவது திருத்துனியா? காலேசுல படிக்கிறவன்!