துரை வாக்கிங் வருகிறார்

எங்கள் வீட்டு நாய்க்கு மனிதர்கள் மேல் பெரிய புகார் எதுவும் கிடையாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கூரியர் பையன், சொல்லாமல் கொள்ளாமல் வரும் சொந்தக்காரர் என்று யார் வந்தாலும், கடமைக்கு ஒரு உறுமல் உறுமிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு ஆகாத ஜாதி ஒன்றே ஒன்றுதான். நாய் ஜாதி.

ஆள் அசல் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார், புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் நாங்கள் பால் காய்ச்சியபோது பித்தளை அண்டா, குத்துவிளக்கோடு சேர்த்துச் சீராகக் கொண்டுவந்து இறக்கிய குட்டி. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். துரை என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது? இந்த ஊருக்கு இவர் முதல் துரையும் அல்ல. 1879இல் கட்டி முடித்த அணையின் ஏரிக்கு, திட்டம் போட்ட ஃபைஃப் துரையின் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்தார்கள். அந்தத் துரை முட்டா ஆற்றையே மறித்துக் கட்டினார். எங்கள் துரையைக் கட்ட ஒரு சங்கிலி போதவில்லை.

காலையில் வாசலைத் தாண்டியதும் ஆரம்பிக்கும். தூரத்தில் ஒரு வால் தெரிந்தால் போதும். காது நிமிரும், கழுத்து மயிர் சிலிர்க்கும், முன்னங்கால் இரண்டும் ஆகாயத்தில் நிற்கும். பக்கத்து வீட்டு ஆஜோபா, அதாவது தாத்தா, 1961 ஜூலை 12ஐக் கண்ணால் பார்த்தவர். மேலே பான்ஷெட் அணை உடைந்து, வந்த வேகத்தில் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு வெள்ளம் புனேக்குள் புகுந்த நாள் அது. துரையின் குரைப்பை முதன்முதலில் கேட்ட அன்று, "அதற்கப்புறம் இந்த ஊரில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை" என்றார்.

இத்தனைக்கும் சட்டம் எதிர்க்கட்சியின் பக்கம். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டுக்கான 2023 விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். காதில் வெட்டு வாங்கிய எங்கள் தெரு நாய்கள் ஆக மண்ணின் மைந்தர்கள். துரைதான் வெளிமாநிலத்துக்காரர். மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு இந்த வாக்குவாதத்தை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

நாய் வளர்க்கத்தான் மாநகராட்சியில் லைசன்ஸ் வாங்க வேண்டும். யோசனை சொல்ல ஒன்றும் வேண்டாம். மாமியார் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார். மாமனார் போனில், "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும் மாப்பிள்ளே" என்றார். எனக்கும் அதே வைத்தியம்தான் பார்த்தார் என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை. மிருக டாக்டரோ நேர் எதிர்த்திசை. காது, பல், இடுப்பு என்று தடவிப் பார்த்து, வலியில் சீறவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு, "கருத்தடை செய்தால் ஆணுக்கு ஆண் முறைப்பது கொஞ்சம் குறையலாம். பயத்தில் குரைக்கிறதுக்கு அது மருந்தில்லை" என்றார்.

பயமா? துரைக்கா? நாய் பழக்குகிறவர் வந்துதான் விளக்கினார். நாய்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வருவதில்லை. அது அவற்றின் ஊரில் மரியாதைக் குறைவு. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, பின்பக்கம் முகர்ந்து விலாசம் விசாரிக்கும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு வளையவும் முடியாது, ஓடவும் முடியாது. மிச்சமிருப்பது முந்திக்கொண்டு கத்துவது. நாம் வெடுக்கென்று இழுத்தால், 'ஐயாவும் பயந்துட்டார்' என்று அதற்கு உறுதியாகிவிடும்.

வைத்தியம் இதுதான். எதிர் நாய் கண்ணில் படவேண்டும், ஆனால் துரைக்குக் கோபம் வராத தூரத்தில் நிற்கவேண்டும். அது தெரிந்ததும் வாயில் ஒரு துண்டு கோழி ஈரல். அது மறைந்ததும் ஈரலும் நிற்கும். நாளாக ஆக, நாயைக் கண்டால் ஈரல் ஞாபகம் வரும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். எல்லாம் பாவ்லோவ் கண்ட வழி. அவருக்கு 1904இல் நோபல் கொடுத்தது என்னவோ ஜீரண ஆராய்ச்சிக்கு.

பாவ்லோவ் ஆய்வுக்கூடத்துக்குள் வேலை பார்த்தவர். நான் வேலை பார்த்தது அணைக்கட்டு ரோட்டில். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்துத் தின்கிற பரம்பரையில் பிறந்தவன், அவித்த ஈரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை. சிங்ககட் கோட்டைக்குப் போகிற கூட்டம், கரியில் சுடும் மக்காச்சோளம், எண்ணெயில் பொரியும் காந்தா பஜி. வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்த நாய்களெல்லாம் ஒவ்வொன்றாக மூக்கைத் தூக்கின. சோளமும் பஜியும் ஒரு நாய்க்கும் வேண்டாம். என் சட்டைப்பைதான் வேண்டும். எந்த நாய்களிடமிருந்து தூரம் வேண்டுமோ, அவையே வாலாட்டிக்கொண்டு ஊர்வலமாகப் பின்னால் வந்தன. முன்னால் துரை, பின்னால் மண்ணின் மைந்தர்கள், நடுவில் ஈரல் வாசனையோடு ஒரு சைவன். அன்றிலிருந்து ஈரல் மூடி போட்ட டப்பாவில்தான் வருகிறது. நேரமும் கூட்டம் சேராத விடியற்காலைக்கு மாறிவிட்டது.

பலன் உண்டா என்றால், உண்டு. எதிர் வரிசையில் ஒரு முதோல் நாய் இருக்கிறது. 2005இல் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் முதோலும் ஒரே வரிசையில் வந்தவை. பேப்பரில் இருந்த ஒற்றுமை தெருவில் இல்லை. இப்போது தெருவுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். துரை ஒரு கொட்டாவி விட்டு, தரையை முகர்ந்து, என் முகத்தைப் பார்ப்பார். ஈரல் கைமாறும். ஊர்வலம் நகரும். சிநேகமெல்லாம் இல்லை, சிநேகம் வேண்டியதும் இல்லை. நாமே எல்லாச் சம்பந்திகளோடும் பேசிக்கொண்டா இருக்கிறோம்?

மிச்சமிருக்கும் தொல்லை, சங்கிலி இல்லாமல் நாயை ஓடவிட்டு, அம்பது அடி பின்னால் போன் பேசிக்கொண்டு வருபவர்கள். "காஹி கரத் நாஹி" என்று கையை ஆட்டுவார்கள், ஒன்றும் செய்யாதாம். ஐயா, அம்மா, காகா, காகு, உங்களுடையது ஒன்றும் செய்யாது. எங்களுடையது செய்யும். இரண்டும் கட்டிப் புரண்டுவிட்டால் நடுவில் கைவிட்டுப் பிரிக்கிறவருக்குத்தான் தையலும் வெறிநாய் ஊசியும். ஆகவே கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் நாய் எவ்வளவு சாதுவானாலும் சங்கிலியில் பிடித்து வாருங்கள். வெள்ளை நாயோடு ஒருவன் வருவது தெரிந்தால், தயவுசெய்து எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.