விண்ணப்பப் பருவம்: ஒரு பாடபேத ஆய்வு

பாயிரம்

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. இப்படித் தொடங்குவது மரபு என்பதால் தொடங்குகிறேன். நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கவில்லை. தேடினால் கிடைத்துவிடும் அபாயம் உண்டு. கிடைத்தால் படிக்க வேண்டி வரும். துறையின் மூத்தவர்கள் இந்த ஆபத்தை எப்படிக் கடந்தார்களோ அப்படியே நானும் கடந்திருக்கிறேன்.

ஆய்வின் எல்லை தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு. 2017-இல் நீட் வந்த பிறகு மருத்துவம் தனிச் சமயமாகப் பிரிந்துவிட்டதால் அது விலக்கப்பட்டது. கலை அறிவியல் கல்லூரிகளும் இடம்பெறவில்லை. அவற்றைப் பற்றி உறவினர் எவரும் விசாரிப்பதில்லை, ஆகவே வாய்மொழித் தரவு போதவில்லை. சான்றுகள் யாவும் கள ஆய்வில் திரட்டியவை. கள ஆய்வு என்பது நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வந்தவர்கள் பேசியது.

காலப் பகுப்பு

எதையும் மூன்றாகப் பிரிக்காமல் தமிழாய்வு ஓரடி நகராது. ஆகவே:

நுழைவுத் தேர்வுக் காலம், 1984 முதல் 2006 வரை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். கிண்டிக் காலம், 1997 முதல் 2017 வரை. ஒற்றைச் சாளர முறை வந்து, மாநிலம் முழுவதும் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு ரயிலேறிய காலம் இது. காலியிடம் காட்டும் திரை முன்னால் குடும்பங்கள் நின்றன. இணையக் காலம், 2018 முதல். திரை வீட்டுக்கே வந்துவிட்டது, குடும்பம் அதே பதற்றத்தோடு அதன் முன்னால் நிற்கிறது.

முதலிரண்டு காலங்களும் பத்தாண்டுக்குக் கிட்ட ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவே என்று கேட்பவர் உண்டு. காலப் பகுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும். சங்க காலம் எப்போது முடிந்தது என்று இருவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வரட்டும்.

2019-இல் நிகழ்ந்த பெரும்பிளவையும் குறிப்பிட வேண்டும். அதுவரை 1,200-க்கு இருந்த பிளஸ் டூ மொத்த மதிப்பெண் அந்த ஆண்டு 600 ஆனது. பாடத்துக்கு 200 என்பது 100 ஆயிற்று. கட்-ஆஃப் மட்டும் அசையாமல் 200-லேயே நின்றது: முன்பு கணிதத்தைப் பாதியாக்கி, இயற்பியலையும் வேதியியலையும் காலாக்கிக் கூட்டினோம், இப்போது கணிதத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டுகிறோம். இந்தச் சீர்திருத்தச் செய்தி உறவினர் மத்தியில் இன்னும் பரவவில்லை. "ஆயிரத்து நூறு தாண்டிருவானா?" என்ற வினா அண்மையில்கூடப் பதிவாகியுள்ளது (மாமா). 600-க்கு எப்படி 1,100 எடுப்பது என்று கேட்டதற்கு, "முயற்சி பண்ணணும்" என்று விளக்கம் கிடைத்தது (மேற்படி மாமா).

விண்ணப்பிப்போர் வகைகள்

அப்பா: பாஸ்வேர்டை டைரியில் எழுதிவைத்துவிட்டு டைரியைத் தொலைப்பவர்.

அம்மா: ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்பதை அறிந்த ஒரே ஆள்.

இ-சேவை மைய அண்ணன்: உண்மையில் விண்ணப்பிப்பவர்.

மாணவர்: புகைப்படம் இவருடையது.

மாமா: தனி நூலுக்குரியவர். இங்கே இடமில்லை.

பெயர்ப் பாடபேதம்

இனி ஆய்வின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். மேலே உள்ளவற்றை வாசகர் மறந்துவிட்டால்கூட எனக்கு வருத்தமில்லை.

ஒரு மாணவரின் பெயர் கார்த்திக் என்று கொள்வோம். அப்பா பெயர் செல்வம். எளிய பெயர்கள்; அந்த நம்பிக்கையில்தான் பெற்றோர் வைத்தார்கள். விண்ணப்பப் பருவத்தில் அந்தப் பெயர் எத்தனை ஏடுகளில், எத்தனை பாடங்களாகக் கிடைக்கிறது என்று பார்த்தால், பழைய இலக்கியங்களைப் பதிப்பித்தவர்கள் எவ்வளவு சுகமாக இருந்தார்கள் என்பது விளங்கும். அவர்களுக்குக் கரையான் ஒன்றுதான் எதிரி.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மூல ஏடாகக் கொள்வது பெருவழக்கு. அதில் ஆங்கிலத்தில் டி-க்குப் பின் எச் இருக்கிறது, முடிவில் கே மட்டும். சாதிச் சான்றிதழ் ஏட்டில் எச் இல்லை. ஆதார் ஏட்டில் எச் உண்டு, ஆனால் ஈறு சி-யும் கே-யும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் எச் இடம் மாறி ஆர்-க்கு முன்னால் போயிருக்கிறது. இதை ஏடு பெயர்த்தெழுதியவரின் கைப்பிழை என்று ஒதுக்குவதா, வட்டார வழக்கு என்று ஏற்பதா என்பதில் கிளை மேலாளருக்கும் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

ஐந்தாவதாக ஒரு பாடம் உண்டு. அதில் இரண்டு ஏ வருகின்றன. இது எட்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தபோது எண்கணித சோதிடர் ஒருவர் ஆலோசனையின் பேரில் நுழைந்த இடைச்செருகல். நோட்டுப் புத்தக அட்டைகளிலும் ஒரு வாகனத்தின் பின்புறத்திலும் மட்டுமே காணக்கிடைக்கிறது. நான் இதை மூலபாடமாக ஏற்கவில்லை. அத்தை ஏற்கிறார் (அத்தை, கல்யாண வீடு, இரண்டாம் பந்தி, மோர் ஊற்றும்போது).

இத்தனையும் பெயரின் உடற்பகுதி. தலை இன்னும் வரவில்லை.

தலை என்பது இனிஷியல். இதில் அறிஞர் உலகம் இரண்டு கட்சியாக நிற்கிறது. முன்னெழுத்துக் கட்சியினர் இனிஷியல் பெயருக்கு முன்னால் வர வேண்டும் என்பர், பள்ளிக்கூடம் இக்கட்சி. பின்னெழுத்துக் கட்சியினர் பின்னால்தான் என்பர். இவர்களுக்கு ஆதார் பக்கபலம். இரண்டுக்கும் நடுவே விரிவாக்கவாதிகள் என்ற தீவிரப் பிரிவு தோன்றியிருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் சிவப்பு நட்சத்திரத்தோடு நிற்பதைப் பார்த்துப் பயந்து, அப்பா பெயரை முழுதாக அதில் எழுதிவிடுகிறவர்கள் இவர்கள். இதன் விளைவாகச் செல்வம் என்ற தனிமனிதர் ஒரே இரவில் ஒரு வம்சத்தின் பெயராகிறார். நாளைக்குப் பேராசிரியர்கள் பையனை "மிஸ்டர் செல்வம்" என்று கூப்பிடுவார்கள். அவன் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பான்.

தமிழில் "செ.", ஆங்கிலத்தில் "எஸ்." என்பது இன்னொரு தீராத வழக்கு. தமிழ் ஏட்டிலிருந்து ஆங்கில ஏட்டுக்குப் பெயர்த்த ஒருவர் "செ" என்பதைச் சி-யில் தொடங்கியதாகவும், அதனால் ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வெவ்வேறு தந்தையர் இருப்பதுபோல ஆவணம் சொல்வதாகவும் ஒரு குறிப்பு கிடைத்துள்ளது (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நடைப்பயிற்சிப் பேருரைகள், மூன்றாம் சுற்று, பால் பூத் திருப்பம் வரை, அதன்பின் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்).

எது மூலபாடம்? ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியவர் கையில் அப்போது என்ன வந்ததோ அதுவே மூலபாடம் என்பது என் துணிபு. அவர் காது எப்படிக் கேட்டதோ, பேனா எப்படி ஓடியதோ, அதுதான் பிற்காலத்தில் பாஸ்போர்ட் வரைக்கும் போகிறது. பத்தாம் வகுப்பில் நாமினல் ரோல் தயாரிக்கும்போது வகுப்பாசிரியர், "பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியா பாருங்க, அப்புறம் மாத்த முடியாது" என்று மன்றாடியதற்குச் சான்று இருக்கிறது. மாணவர் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பையிலேயே வைத்திருந்து மறுநாள் கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்ததற்கும் சான்று இருக்கிறது. கையெழுத்து அப்பாவுடையதுதானா என்பது வேறொரு ஆய்வு.

இவ்விடத்தில் ஓர் இக்கட்டான சான்றையும் தர வேண்டியிருக்கிறது: "எச் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எல்லாம் அவன்தானே" என்ற கூற்று. (இ-சேவை மைய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தம் கணவரிடம் தொலைபேசியில் சொன்னது, மறுமுனைப் பகுதி முற்றிலும் சிதைந்துள்ளது, அவரது முகக்குறிப்பைக் கொண்டு நான்கு வரிகள் ஊகித்து நிரப்பப்பட்டன, வரிசை நகர்ந்ததால் இறுதிப்பகுதி கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியையும் பின்னால் நின்றவர் வேறு விதமாகக் கேட்டதாகச் சொல்கிறார்.) இக்கூற்றை ஏற்றால் இந்த இயலே தேவையில்லை என்றாகிவிடும். ஆகவே அது பொருந்தாப் பாடம் என்று தள்ளப்பட்டது.

சான்றிதழ்கள்

மாற்றுச் சான்றிதழில் நடத்தை "நன்று" என்றே இருக்கும். வேறு பாடம் எந்த ஏட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அங்க அடையாளமாக இரண்டு மச்சங்கள் வரும். எந்தக் கல்லூரியும் அவற்றைச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் சற்று ஆழமானது. மற்றச் சான்றிதழ்கள் ஒன்று இருக்கிறது என்று சொல்பவை. இது இல்லை என்று சொல்வது. வீட்டில் முன்பு யாரும் பட்டம் வாங்கவில்லை என்று நிறுவினால் கல்விக் கட்டணத்தில் சலுகை. "அந்தக் காலத்து பி.ஏ." என்று ஊரே மெச்சிய தாத்தா, கடைசிவரை ஒரு பேப்பர் அரியரோடு நின்றவர் என்ற உண்மை தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும் முன்தினம் வெளியாகி, வீடே மகிழ்ச்சியில் திளைத்த கதைகள் உண்டு. தோல்விக்கு இவ்வளவு தாமதமாக மரியாதை கிடைப்பது ஆய்வுலகில்கூட அரிது. அங்கே தோற்ற கருதுகோளை அடுத்த கருத்தரங்கில் புதுத் தலைப்போடு வாசித்துவிடுவார்கள்.

கருத்தரங்கு என்றதும் நினைவு வருகிறது: இக்கட்டுரையும் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டதே. சிங்கப்பூரிலிருக்கும் சின்ன மாமா ஜூமில் ஐந்து நிமிடம் வந்து "கேக்குதா? கேக்குதா?" என்றதால் அது பன்னாட்டுத் தகுதி பெற்றது. பதிவுக் கட்டணம் கட்டியவர் அனைவருக்கும் சான்றிதழ் தரப்பட்டது. வாசித்தவர்கள் அவற்றுக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

தரவரிசையும் இருப்பியலும்

கட்-ஆஃப் இருவருக்குச் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இப்படியே போகும். அதிலெல்லாம் சமமாக நின்றால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. பள்ளியில் சீக்கிரம் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்ன அப்பாக்களின் தொலைநோக்கு இங்கேதான் பலிக்கிறது. அதுவும் சமமானால் ரேண்டம் எண். பத்து இலக்கம், கணினி தருவது, பெரிய எண்ணுக்கு முதலிடம். மாணவர் பன்னிரண்டு ஆண்டு படித்ததற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதால், வீட்டில் மனமாரப் பாராட்டப்படுவது இந்த எண் மட்டுமே. "ஒன்பதுல ஆரம்பிக்குது, ராசிக்காரன்" (பாட்டி).

இடம் ஒதுக்கியபின் வரும் தெரிவுகளுள் ஒன்று, கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேலே நல்லது வந்தால் போய்விடும் நிலை. நிச்சயதார்த்தம் முடித்த கையோடு இன்னும் நல்ல வரன் வருகிறதா என்று தரகரைக் கேட்கிற காரியம். அரசே அதற்கொரு பொத்தான் வைத்திருக்கிறது. முழுமுதல் துறவுக்கும் ஒரு பொத்தான் உண்டு: மறுத்துவிட்டு வெளியேறுவது. அதை யாரும் அழுத்துவதற்கு முன் அப்பா சுட்டியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்.

எந்தப் பிரிவு எடுப்பது என்பதில் நிலவும் தத்துவச் சண்டைகளை நான் தொடப்போவதில்லை. கணினித் துறை முடிந்துவிட்டது என்ற கொள்கையை, கணினித் துறையில் மகனை வைத்திருப்பவர்களே பரப்புகிறார்கள் என்று மட்டும் சொல்லி அமைகிறேன்.

முதன்மைச் சான்று பற்றி

கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர் ஒருவர், "மாணவரிடம் கேட்டீர்களா?" என்று ஓரத்தில் குறித்திருந்தார். இளைஞர் போலும். நூலைப் பற்றி எழுதிய நூலைப் பற்றி எழுதியவரைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும், நூலைத் திறக்கக் கூடாது என்பது நம் துறையின் நல்லொழுக்கம். இருந்தாலும் மதிப்பீட்டாளரை மறுத்தால் கட்டுரை அச்சேறாது என்பதால் தரவுத் தொகுப்பு முழுவதையும் மீண்டும் அலசினேன். மாணவர் வாய்திறந்ததாக ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது:

"அப்பா, ஓ.டி.பி. வந்துச்சா?"

இதற்கு உரை மூன்று. ஆர்வத்தின் வெளிப்பாடு என்பார் அம்மா. பொறுப்பின்மை என்பார் அப்பா. எண் அவர் கைபேசிக்கு வந்தபோது அவர் கூட்டமான பேருந்தில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது உரை மாமாவுடையது, மிக நீண்டது, மெக்கானிக்கல் படித்தால் ஓ.டி.பி.யே தேவைப்படாது என்ற இடத்தில் முடிகிறது. மூவரும் வாதிட்டு ஓயும்முன் அந்த எண் காலாவதியாகிவிட்டதால், மாணவர் "மறுபடி அனுப்பு" என்பதை அழுத்தியிருக்கிறார். இரண்டாவதாக வந்த எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் உள்ள பாடபேதங்கள் அடுத்த தொகுதியில் ஆராயப்படும். பல்கலைக்கழக நிதி கிடைத்தால்.