எரர் ஒண்ணும் வரலயே!

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு விடியற்காலையில் ஜீப்புகள் ஏறும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மட்டும் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். தோட்டத்தில் அவருக்கு வேலையில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஏலக்காய் வியாபாரி ஒருவரின் சர்வர் அவருக்காகக் காத்திருக்கிறது. கம்பத்தில் அவருக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் தம்பி’. மேலே போனால் ‘சர்வர் பையன்’. நாற்பது வயதானாலும் பையன்தான்.

பிரிண்டர், சிசிடிவி, டாலி என்று எதைக் கொடுத்தாலும் பார்ப்பார். 2020-இல் இ-பாஸ் இல்லாமல் இந்த மெட்டைத் தாண்ட முடியாதிருந்த மாதங்களில் அவர்தான் ஊருக்கே பாஸ் போட்டுக் கொடுத்தவர். அந்தப் புகழில் தொற்றிக்கொண்டதுதான் டாம்கேட் என்ற ஜாவா சர்வர்.

வியாபாரியின் தேவை ரொம்பச் சின்னது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் முடிந்ததும் அன்றைய விலை தன் இணையதளத்தின் எல்லாப் பக்கங்களிலும் தெரிய வேண்டும். பக்கம் பக்கமாகத் திருத்துவது யாரால் ஆகும்? விலையை ஒரு தனிக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் ‘இந்தக் கோப்பை இங்கே சேர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும். பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் சேர்த்து அனுப்பிவிடும். இதற்குத்தான் எஸ்எஸ்ஐ என்று பெயர், சர்வர் சைட் இன்க்ளூட். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ சர்வரில் பிறந்த பழைய வித்தை. பழைய அப்பாச்சி சர்வரில் அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜாவாவில் பில்லிங் வேண்டும் என்று தளத்தை டாம்கேட்டுக்கு மாற்றியதும் விலையையும் காணோம், அதேபோலச் சேர்த்திருந்த கடைப்பெயர்த் தலைப்பையும் காணோம்.

“மோனே, மேல நம்ம கடப்பேரு காணலையே?”

“எரர் ஒண்ணும் வரலயே சேட்டா!”

இந்த வாக்கியம்தான் நம்மவரின் அடையாளம். திரையில் எரர் இல்லையென்றால் சர்வரில் கோளாறு இல்லை. சர்வரில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வாடிக்கையாளரிடம். முதலில் ரீஸ்டார்ட் செய்வார். பிறகு பிரவுசரின் கேஷைத் துடைப்பார். ஆன்டிவைரஸை அணைப்பார். வோல்டேஜைத் திட்டுவார். “அதுவும் அப்பாச்சி, இதுவும் அப்பாச்சி, அங்க ஓடுனது இங்க ஏன் ஓடாது?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். இரண்டும் அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள்கள். ஆனால் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். டாம்கேட் எஸ்எஸ்ஐ-யைக் கையோடு கொண்டுவரும், பூட்டி வைத்துக் கொண்டுவரும்.

பூட்டு இருப்பது கான்ஃப் போல்டரில், வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில். எஸ்எஸ்ஐ வேலையைச் செய்யும் சர்வ்லெட் என்ற நிரலைப் பற்றிய வரிகள் அங்கே கமென்ட் குறிகளுக்குள் தூங்குகின்றன. அவற்றை நம்மவர் எழுப்பிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே கோப்பில் இன்னும் கீழே போனால் எஸ்எஸ்ஐ வரிகள் உள்ள எஸ்ஹெச்டிஎம்எல் பக்கங்களை அந்த சர்வ்லெட்டிடம் அனுப்பச் சொல்லும் மேப்பிங் வரிகளும் கமென்டுக்குள்தான் கிடக்கின்றன. அவ்வளவு தூரம் அவர் ஸ்க்ரோல் செய்வதில்லை. சர்வ்லெட் விழித்தபடி உட்கார்ந்திருக்கும், வேலை வராது. பக்கம் தலையில்லாமல் போய்ச் சேரும். எரரும் வராது!

பிரவுசரில் வியூ சோர்ஸ் போட்டுப் பார்த்தால் நிமிடத்தில் பிடிபடும். ‘இந்தக் கோப்பைச் சேர்’ என்ற வரி அப்படியே தெரிந்தால், சர்வர் அதைத் தொடவேயில்லை என்று அர்த்தம். பிரவுசருக்கு அது வெறும் கமென்ட், பேசாமல் விட்டுவிடும். மேப்பிங் சரியாக இருந்தாலும், அந்த வரியின் தொடக்கத்தில் இரண்டு கோட்டுக்கும் ஹேஷ் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் இதே கதிதான். அழகாக இருக்கட்டும் என்று இடைவெளி விட்டு டைப் செய்கிற பழக்கம் நம்மவருக்கு உண்டு.

ஒருவழியாக மேப்பிங்கும் திறந்தாயிற்று. இப்போது பக்கமே திறக்காது! எஸ்எஸ்ஐ-யால் வெளி நிரல்களை ஓட்டவும் முடியும் என்பதால், ‘பிரிவிலெஜ்டு’ என்று கான்டெக்ஸ்ட்டில் குறிக்கப்பட்ட செயலிக்கு மட்டும்தான் டாம்கேட் அதைத் தரும். இல்லையென்றால் தடைசெய்யப்பட்ட கிளாஸ் என்று லாக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிடும். ஊருக்கெல்லாம் இ-பாஸ் போட்டுக் கொடுத்தவர், தன் செயலிக்கு ஒரு பாஸ் போட மறந்துவிட்டார். லாக் கோப்பை அவர் திறப்பதே டிஸ்க் நிறைந்தால்தான், அதுவும் அழிப்பதற்காக.

அடுத்த கட்டம்தான் உண்மையிலேயே பரிதாபம். பாஸும் போட்டாயிற்று. பக்கம் வருகிறது, தலைப்பு வர வேண்டிய இடத்தில், இந்த உத்தரவைச் செயல்படுத்தும்போது பிழை நேர்ந்தது என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி, சதுர அடைப்புக்குள். எஸ்எஸ்ஐ முதல்முறையாக வேலை செய்திருக்கிறது! கோப்பு இருக்கும் பாதை மட்டும்தான் தப்பு. பாதையைச் சாய்கோட்டில் ஆரம்பித்தால் டாம்கேட் அதைச் செயலியின் போல்டரில் தேடாது, சர்வரின் வேரிலிருந்து தேடும். ‘ஈஸ் வெர்ச்சுவல் வெப்ஆப் ரிலேட்டிவ்’ என்று நீளப்பெயர் கொண்ட ஒரு அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் தீர்ந்தது. நம்மவர் என்ன செய்வார்? எரரைக் கண்ட பதற்றத்தில் எல்லா வரிகளையும் பழையபடி கமென்டுக்குள் தள்ளிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

“இப்பப் பாருங்க சேட்டா, எரர் போயிருச்சு.”

பக்கத்துத் தோட்டத்தில் விடுமுறைக்கு வந்திருந்த கல்லூரிப் பெண் பாதையைச் சரிசெய்து கொடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை வந்துவிட்டது, கடைப்பெயர் மட்டும் வேற்று கிரகத்து மொழியில் வந்திருக்கிறது. ‘ஃபான்ட் இல்ல’ என்று நம்மவர் பாமினியை நிறுவ ஆரம்பிப்பார். யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓரெழுத்தே மூன்று பைட், மலையாளத்துக்கும் அப்படியே. சேர்க்கும் கோப்பின் என்கோடிங் இன்னதென்று சொல்லாவிட்டால் டாம்கேட் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். பழைய ஜாவா ஓடும் விண்டோஸில் அந்த மூன்று பைட்டும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகிவிடும். ‘இன்புட் என்கோடிங்’ என்று ஒரு வரி போட்டால் சரியாகும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தானாகவே வழக்கமாகிவிட்டது. பாமினி எத்தனை முறை நிறுவினாலும் இதில் பயனில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் அவர் ஒரு வரியை விட்டுவைப்பார்: ‘பிரிண்டென்வ்’. சர்வரின் மாறிகளையெல்லாம் நீளமாகத் திரையில் கொட்டும் உத்தரவு, சோதனைக்காக உள்ளது. “பாத்தீங்களா, எவ்வளவு ஓடுது!” என்று முதலாளியிடம் காட்டுவதற்கு அதைவிடப் பிரமாதமான பக்கம் கிடையாது. அந்த உத்தரவில்தான் 2019-இல் ஒரு ஓட்டை வெளியானது, சிவிஇ-2019-0221. வெளியாள் அனுப்பும் சரக்கைச் சுத்தம் செய்யாமல் அப்படியே பக்கத்தில் காட்டிவிடும். டாம்கேட் 9-ஆம் வரிசையில் 9.0.17 வரைக்கும் இருந்தது.

கூலியாக அவர் பணமும் வாங்குவார், கால் கிலோ ஏலக்காயும் வாங்குவார். கூப்பிட்ட நேரத்துக்கு மழையிலும் மலையேறி வருகிற வேறு ஆள் இந்தப் பக்கம் கிடையாது. ஆகவே அவரையே கூப்பிடுங்கள். வருவதற்குள் வெப்.எக்ஸ்எம்எல்லை மட்டும் ஒரு நகல் எடுத்து வேறெங்காவது வைத்துவிடுங்கள்.