வாலில் ஒரு வெள்ளை எண்

1:72 அளவில் மாதிரி விமானம் தயார். வாலில் வெள்ளை எண் ஒன்றுதான் பாக்கி. வீட்டு இங்க்ஜெட்டிடம் வெள்ளை மை கிடையாது. காகிதமே வெள்ளைதானே என்பது அதன் வாதம். கண்ணாடி போன்ற டெக்கால் ஒட்டுத் தாளில் அடித்தால் எண் மாயம்.

ஆகவே, ஜப்பானின் ஆல்ப்ஸ் எம்.டி. பிரிண்டர். வெள்ளை, பொன், வெள்ளி என ரிப்பனில் இருப்பதைச் சூடாக்கி ஒட்டும் 1990களின் அதிசயம். செய்தவர்களே எப்போதோ கைகழுவிவிட்டார்கள். ரிப்பனுக்கு ஏலத்தில் அலைய வேண்டும், விற்பவர்கள் சீர்வரிசை போல விலை கேட்பார்கள். அச்சுத் தலையில் தூசி ஒட்டினால் எண்ணுக்குக் குறுக்கே கோடு. பெண்ணோடு வரும் பாட்டிபோல, பாரலல் போர்ட் வைத்த கிழட்டுக் கணினி ஒன்றும் கூடவே வேண்டும்.

இரண்டுக்கும் இடம் வேண்டி, விமானங்களைப் பரணில் ஏற்றியாயிற்று.