அம்பாசிடரா, தோணியா?

கேள்வி: அப்பா விட்டுப்போன அம்பாசிடர், வேம்பார் போய்ச் சேர்வதற்குள் தூத்துக்குடித் தோணி மாதிரி ஆடுகிறது. முன்பக்கத்துக்குக் காயில் ஸ்பிரிங் மாட்டிவிடலாமா? கையில் காசு கம்மி.
– ஒரு வாசகர், விளாத்திகுளம்

பதில்: காசு கம்மி என்றால் காயில் ஸ்பிரிங் மாட்ட வெல்டிங் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு உங்கள் வண்டி. முன்னால் இருப்பது டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி. சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுகித் திரும்பும். அது லேசில் சாகாது. சாவதெல்லாம் பக்கத்திலிருக்கும் ரப்பர் புஷ்கள்தான்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'லொடக்' என்றால் தேய்மானம். (கடைசியாக கிரீஸ் அடித்தது யார், அப்பாவா?) புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாகவே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் என்பது ஒற்றைச் செருப்பு வாங்குகிற கதை. டார்ஷன் பாரைக் கழற்றினால் இடதை வலதில் போட்டுவிடாதீர்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

அப்படியும் ஆடினால் வண்டியைத் திட்டாதீர்கள். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கிற கரிசல் மண்மேல் போட்ட ரோடு அது.